பாட்டோடு சேர்ந்து பாடும் டைனமோ

திண்டிவனத்தில் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1990களின் மாடல். பழைய கேசட் செட்டைக் கழற்றிவிட்டுப் புது ஸ்டீரியோ மாட்டியாயிற்று. பாட்டு ஃபோனில் இருக்கிறது. ஃபோனிலிருந்து ஆக்ஸ் வயர் செட்டுக்குப் போகிறது. அதே ஃபோனுக்குச் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து சார்ஜர். இன்ஜின் ஓடாதபோது பாட்டு சுத்தமாகக் கேட்கிறது. வண்டியைக் கிளப்பியதும் பாட்டுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று எழுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் விசில் மேலே ஏறுகிறது. காலை எடுத்தால் இறங்குகிறது. விழுப்புரம் போக நாற்பது கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் காது வலிக்கத் தொடங்கிவிடும்.

சார்ஜரைப் பிடுங்கினால் விசில் சட்டென்று நிற்கிறது. செருகினால் திரும்பி வருகிறது.

பழைய காரில் புது செட் மாட்டிய பலருக்கும் இது தெரியும். செட் மட்டம், சார்ஜர் மட்டம், ஸ்பீக்கர் மட்டம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவற்றில் எதிலும் குறை இருக்காது. மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதை எல்லோரும் பார்க்கிறோம். எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. இந்த அத்தியாயம் அந்தத் திரும்பும் வழியைப் பற்றியது.

மூன்று வயர்கள்

புது செட்டின் பின்னால் ஒரு கொத்து வயர் தொங்கும். பல கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே நிற ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. மஞ்சள் வயருக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வேண்டும். நேரமும் நாம் பதிந்து வைத்த வானொலி நிலையங்களும் செட்டின் நினைவில் நிற்பது அதனால்தான். சிவப்பு வயருக்குச் சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம். கறுப்பு வயர் எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகியவை நான்கு ஸ்பீக்கர்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஜோடியாகக் கறுப்புக் கோடு போட்ட அதே நிற வயர் உண்டு.

வண்டியை அணைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறதா? மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துச் சாவி லைனில் முறுக்கியிருக்கிறார்கள். நான்கு நாள் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? இரண்டையும் சேர்த்து நேரடியாகப் பேட்டரி லைனில் கொடுத்திருக்கலாம். செட் முழுதாக உறங்காமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த இரண்டு வயருக்கும் எல்லோரும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துத்தான் இணைப்பு கொடுக்கிறார்கள். கறுப்பு வயருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கைக்கு எட்டும் ஏதோ ஒரு ஸ்குருவில் அதைச் சுற்றி முடுக்கிவிடுகிறோம். விசிலின் கதை அந்த ஸ்குருவில்தான் ஆரம்பிக்கிறது.

காரின் உடம்பே ஒரு வயர்

மின்சாரம் ஒரு சுற்று வந்தால்தான் வேலை செய்யும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து புறப்பட்டு, ஹெட்லைட்டுக்குள்ளோ செட்டுக்குள்ளோ போய், மைனஸ் முனைக்குத் திரும்ப வேண்டும். வீட்டு மின்விளக்குக்கு இரண்டு கம்பி இழுக்கிறோம். காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பிதான். திரும்பும் வழி காரின் இரும்பு உடம்பு. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு தடித்த பட்டை பாடியில் முடுக்கப்பட்டிருக்கும். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், செட் எல்லாமே தங்கள் மின்சாரத்தைப் பக்கத்தில் இருக்கும் இரும்பில் கொட்டிவிடுகின்றன. இதனால் செம்புக் கம்பியின் செலவு ஏறக்குறையப் பாதியாகிறது. செம்பைவிட இரும்பு பல மடங்கு மோசமான கடத்திதான். ஆனால் ஒரு காரின் தரைத்தகடு எந்த வயரையும்விட அவ்வளவு அகலமானது என்பதால் அது பெரிதாகத் தெரிவதில்லை.

விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கும் மின்சார ரயிலிலும் இதே ஏற்பாடுதான். தலைக்கு மேலே ஒரே கம்பி. அதில் 25,000 வோல்ட். இன்ஜினுக்குள் வேலையை முடித்த மின்சாரம் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் துணைமின் நிலையத்துக்குத் திரும்புகிறது. 1960களில் தாம்பரம்–விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில்கள் வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். தண்டவாளத் துண்டுகள் சேரும் இடங்களில் சிறிய இணைப்புக் கம்பிகள் பொருத்தியிருப்பதை நடைமேடையிலிருந்து பார்க்கலாம். தண்டவாளம் நல்ல வழி, ஆனால் துண்டுகள் சேரும் மூட்டில் துரு ஏறும், தளர்வு வரும். அங்கே மின்சாரம் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கம்பி. காரிலும் தகடு கெடுவதில்லை, மூட்டுதான் கெடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1950களின் மோரிஸ் வகைக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இருக்கும். இன்றைய செட்டின் உலோகப் பெட்டி மைனஸ். அதை அப்படியே அந்த டேஷ்போர்டில் முடுக்கி மின்சாரம் கொடுத்தால் பிளஸும் மைனஸும் நேராக மோதும். அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவர் முதலில் பேட்டரிப் பட்டை எந்த முனையிலிருந்து பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

விசில் எங்கே பிறக்கிறது

இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் இதையும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். உண்மையான டைனமோ முந்தைய தலைமுறைக் கருவி. 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வேலியண்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான பாகமாகவே வைத்து விற்றது. பிறகு உலகம் முழுவதும் அது பரவியது. சென்னையின் பாடி என்ற பகுதியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் ஆலையின் ஆல்டர்னேட்டர்கள் நம் சாலைகளில் ஓடும் எத்தனையோ வண்டிகளில் இருக்கின்றன.

ஆல்டர்னேட்டருக்குள் ஒரு காந்தம் சுழல்கிறது. சுற்றியிருக்கும் மூன்று சுருள்களில் மின்சாரம் முன்னும் பின்னுமாக அலைகிறது. பேட்டரிக்கு ஒரே திசையில் போகும் மின்சாரம் வேண்டும் என்பதால், ஆறு டயோடுகள் அந்த அலைகளை ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. ஆனாலும் மேல்பரப்பு வழவழப்பாக இருப்பதில்லை. ஒவ்வொரு அலையின் முகடும் ஒரு சிறு மேடாகத் தங்கிவிடுகிறது. இந்த மேடுபள்ளத்தைச் சிற்றலை என்று சொல்லலாம். வாய்க்காலில் குதித்து வரும் தண்ணீர் கிடங்கல் ஏரியில் விழுந்ததும் அடங்கிவிடுவதுபோல, நல்ல பேட்டரி சிற்றலையைப் பெருமளவு விழுங்கிவிடும். வயதான பேட்டரி அவ்வளவு விழுங்காது. எப்படியும் கொஞ்சம் மிஞ்சும்.

மிஞ்சிய சிற்றலையின் சுருதியைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நம் மாருதி நின்ற இடத்தில் ஓடும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். பெல்ட்டின் மறுமுனையில் இருக்கும் ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது. ஆகவே அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில், 1800 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 30 சுற்று. பெரும்பாலான கார் ஆல்டர்னேட்டர்களின் காந்தத்தில் 12 துருவங்கள், அதாவது ஆறு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் கடக்கும்போது ஆறு மேடுகள் எழும். ஒரு சுற்றுக்கு 36 மேடுகள். நொடிக்கு 30 சுற்று என்றால் 1080 மேடுகள்.

நொடிக்கு 1080 அதிர்வு என்பது காதுக்குத் தெளிவாகக் கேட்கும் உயர்ந்த ஒரு ஸ்வரம். இன்ஜின் 1800 சுற்றுக்குப் போனால் அது 2160 அதிர்வு: சரியாக மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரம். 2700 சுற்றில், அதாவது நான்காவது கியரில் சாலையில் நிதானமாகப் போகும்போது, 3240. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது நொடிக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் அதிர்வு வரையிலான பகுதியில். விசில் நேராக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டைவிட எத்தனையோ மடங்கு மெல்லியதாக இருந்தும் அது எரிச்சலூட்டுவதற்கு இதுதான் காரணம்.

ஆக்ஸ் வயருக்குள் நடப்பது

சிற்றலை எல்லாக் காரிலும் இருக்கிறது. பாட்டுக்குள் அது ஏற ஒரு வாசல் வேண்டும். நம் மாருதியில் அந்த வாசல் சார்ஜர்.

சார்ஜர் ஏறக்குறைய 1 ஆம்பியர் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அது லைட்டர் துளையின் வெளிக்கூடு வழியாகப் பாடிக்குத் திரும்ப வேண்டும். முப்பது வயதுக் காரில் அந்தக் கூட்டின் எர்த் மூட்டில் துரு. அங்கே 0.1 ஓம் மின்தடை இருப்பதாக வைப்போம். இப்போது ஃபோனைப் பாருங்கள். சார்ஜர் வயரின் மைனஸும் ஆக்ஸ் வயரின் மைனஸும் ஃபோனுக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஆக்ஸ் வயரின் மறுமுனை செட்டில். செட்டின் கறுப்பு வயர் பாடியில். ஆக, சார்ஜரின் மின்சாரத்துக்கு வீடு திரும்ப இரண்டாவது வழி ஒன்று கிடைத்துவிட்டது: சார்ஜர், ஃபோன், ஆக்ஸ், செட், பாடி. இதை எர்த் வளையம் என்பார்கள்.

மின்சாரம் எப்போதும் எல்லா வழிகளிலும் போகும். தடை குறைந்த வழியில் அதிகமாகவும் கூடிய வழியில் குறைவாகவும் போகும். இரண்டாவது வழியின் தடை 0.4 ஓம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 ஆம்பியர், ஆக்ஸ் வயருக்குள் நுழைகிறது. அந்த வயரின் மைனஸ் இழைக்கு மட்டும் 0.2 ஓம் இருந்தால், அதன் இரு முனைகளுக்கு இடையே 40 மில்லிவோல்ட் வித்தியாசம் உண்டாகும். செட்டால் இதைப் பிரித்தறிய முடியாது. ஆக்ஸ் வயரில் வரும் எந்த வித்தியாசமும் அதற்குப் பாட்டுதான்.

40 மில்லிவோல்ட் அசையாமல் நின்றால் காதுக்குக் கேட்காது. சிற்றலையால் அதில் ஐம்பதில் ஒரு பங்கு ஆடினாலும் 0.8 மில்லிவோல்ட். ஒரு வீணை அமைதியாக ஒலிக்கும் இடத்தில் ஆக்ஸில் பாட்டின் அளவே பத்து மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு விசில் என்றால் தாராளமாகக் கேட்கும். குத்துப்பாட்டில் அது அமுங்கிவிடும். ஆலாபனையில் வெளியே வந்துவிடும்.

ஹெட்லைட் போட்டதும் சத்தம் கூடுவதும் இதனால்தான். பாடியில் ஓடும் மின்சாரம் கூடுகிறது, ஆல்டர்னேட்டரின் சுமையும் கூடுகிறது. லைட்டர் துளையின் எர்த்துக்கும் செட்டின் எர்த்துக்கும் இடையில் உள்ள வித்தியாசமும் அதோடு சேர்ந்து ஆடுகிறது. டிக்கியில் தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வைத்தவர்களுக்கும் இதே வியாதி. அங்கே ஆக்ஸுக்குப் பதிலாக முன்னாலிருந்து பின்னால் ஓடும் சிக்னல் கேபிள் வளையத்தை முடிக்கிறது.

லாம்ப் எரிகிறது, எர்த் சரியில்லை

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

“அண்ணே, எர்த் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன் தம்பி. லாம்ப் பளிச்சுனு எரியுது.”

டெஸ்ட் லாம்ப் எரிந்ததும் உண்மை. எர்த் கெட்டிருப்பதும் உண்மை. டெஸ்ட் லாம்பில் இருப்பது 5 வாட் பல்பு. அது எடுப்பது 0.4 ஆம்பியர். துரு பிடித்த மூட்டில் 0.1 ஓம் இருந்தால் அங்கே தொலைவது 0.04 வோல்ட். பல்புக்கு 12 வோல்ட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. அதே மூட்டில் சத்தமாகப் பாடும் ஆம்ப் 10 ஆம்பியரைத் தள்ளினால் முழுசாக 1 வோல்ட் தொலையும். டிரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஆம்பின் எர்த் ஒரு வோல்ட் எழும்பி இறங்கும்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. மீட்டரின் வயர்களுக்கே அந்த அளவு தடை இருக்கும். செய்ய வேண்டியது வேறு. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, செட்டைச் சத்தமாகப் பாடவிடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைச் செட்டின் கறுப்பு வயர் முடுக்கிய இடத்திலும், இன்னொரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் நேராகத் தொடுங்கள். திரும்பும் வழி நன்றாக இருந்தால் மீட்டர் 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டும். 0.3, 0.5 என்று வந்தால் நடுவில் எங்கோ ஒரு மூட்டு கெட்டிருக்கிறது. பிறகு ஒவ்வொரு மூட்டாக நகர்ந்து பார்த்தால் எங்கே என்பது தெரிந்துவிடும். வழியில் மின்சாரம் ஓடும்போதுதான் வழியின் குறை தெரியும்; சும்மா இருக்கும் வழியை அளந்து பயனில்லை.

பழைய காரில் குற்றவாளிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பெயின்ட். வண்டிக்கு ஒருமுறை முழுதாகப் பெயின்ட் அடித்திருந்தால், பழைய எர்த் வயரின் முனை வளையமான லக்குக்கு அடியில் பெயின்ட் புகுந்திருக்கும். பெயின்ட்டில் மின்சாரம் போகாது. இன்னொன்று துரு. மரக்காணம் உப்பளப் பக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமும் நிறுத்தி வைத்த வண்டிகளில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடுகிறது. லக்கைக் கழற்றி, அடியில் இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக முடுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட வேண்டும். பல விசில்கள் இதோடு தீர்ந்துவிடும். புது செட்டுக்குச் செலவழித்த பணத்தைவிட இந்தக் கால்மணி நேரம் பெறுமானம் உள்ளது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஸ்பீக்கருக்கு எர்த் கொடுக்கக் கூடாது

இப்போது நேர் எதிரான ஒரு விஷயம். பழைய கார் ரேடியோக்களில் பலவும் ஸ்பீக்கருக்கு ஒரு வயர்தான் அனுப்பும். ஸ்பீக்கரின் மறுமுனையைப் பாடியில் கொடுத்துவிடுவார்கள். அந்த வயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு புது செட்டை மாட்டினால், செட் சூடேறி அணைந்துவிடும். சிலசமயம் உள்ளே இருக்கும் ஐசி நிரந்தரமாகப் போய்விடும்.

காரணம் இது. பழைய ரேடியோ ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் அசைக்கும். 14.4 வோல்ட் இருக்கும் வண்டியில் நடுவிலிருந்து மேலே 7.2, கீழே 7.2 வோல்ட்தான் கிடைக்கும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது ஆறரை வாட்டுக்கு மேல் தராது. புது செட் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக அசைக்கிறது: ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இதற்குப் பால இணைப்பு என்று பெயர். வோல்ட் இரண்டு மடங்காகிறது, அதனால் ஆம்பியரும் இரண்டு மடங்காகிறது, ஆகவே வாட் நான்கு மடங்காகிறது: 26 வாட். பேட்டரி அதேதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. பாடாத நேரத்திலும் இரண்டு வயர்களிலும் பேட்டரியின் பாதி, ஏறக்குறைய ஏழு வோல்ட், நின்றுகொண்டிருக்கும். அதில் ஒன்றைப் பாடியில் தொட்டால் அது குறுக்குச் சுற்று. கறுப்புக் கோடு போட்ட வயர் எர்த் வயர் இல்லை. பழைய வண்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு வயர் இழுத்துவிடுவதே பாதுகாப்பு.

பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சடித்திருப்பது எப்படி என்று கேட்கலாம். பாட்டின் அலை வளைவாக இருக்கும்போது 26 வாட்தான் மேல் எல்லை. வால்யூமை மிதமிஞ்சி வைத்து அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுரமானால் 50க்குச் சற்று மேலே வரும். அப்போது கேட்பது பாட்டு ஆகாது. செட்டின் பின்னால் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் அதுவே சாட்சி: 14.4 வோல்ட்டில் அது தொடர்ந்து விடுவது 144 வாட். 200 வாட் பாட்டு அதற்குள் தொடர்ந்து போக முடியாது.

டிக் டிக் என்றால் அது ஸ்பார்க்

எல்லாச் சத்தமும் எர்த்திலிருந்து வருவதில்லை. இன்ஜின் வேகத்தோடு கூடும் ‘டிக் டிக்’ சத்தம் ரேடியோவில் மட்டும் கேட்டு, பென் டிரைவ் போட்டால் காணாமல் போனால், அது ஸ்பார்க் பிளக்கிலிருந்து காற்றுவழியாக ஆன்டெனாவுக்கு வருகிறது. மீடியம் வேவில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் கேட்கும்போது இது தெளிவாகத் தெரியும். புதுச்சேரி பண்பலையில் ஏறக்குறைய இருக்காது. மீடியம் வேவ் பாட்டை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்புகிறது; ஸ்பார்க் குலைப்பதும் அந்த உயரத்தைத்தான். பண்பலையில் பாட்டு இருப்பது அலை எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதில். உயரத்தை ரேடியோ வெட்டி எறிந்துவிடும்.

1930இல் சிகாகோவில் பால் கால்வினின் கம்பெனி மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கியபோது அவர்களைப் பாடாய்ப் படுத்தியது இந்த ஸ்பார்க்தான். பிளக் லைனில் மின்தடை வைப்பதுதான் அந்தக் காலத்து வைத்தியம். இன்றும் அதேதான், கார்பன் உள்ளீடு கொண்ட பிளக் வயர் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

தேய்த்த பிறகும் விசில் இருந்தால்

வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். அப்போதும் விசில் கேட்டால், அது வால்யூமைத் தாண்டிய இடத்தில், அதாவது செட்டின் எர்த்திலோ டிக்கி ஆம்பிலோ நுழைகிறது. வால்யூமோடு சேர்ந்து குறைந்தால் ஆக்ஸ் பக்கம்.

ஆக்ஸ் பக்கம் என்றால் இரண்டு வழி. லைட்டர் துளைக்கும் செட்டுக்கும் எர்த்தை ஒரே புள்ளியில் எடுத்துவிட்டால், இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் பெரும்பாலும் இருக்காது. முடியாவிட்டால் ஆக்ஸ் வயரின் நடுவில் மாட்டும் சிறிய தடுப்பான் கிடைக்கிறது. அதற்குள் ஒவ்வொரு பக்கப் பாட்டுக்கும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாட்டு காந்தமாக மாறித் தாவும். மின்சாரத்துக்கு நேர்வழி இல்லாததால் வளையம் அறுந்துவிடும். மலிவானவற்றில் உள்ளே இருக்கும் இரும்பு மிகச் சிறியது என்பதால் தவிலின் அடித்தொனி கொஞ்சம் குறையும். புளூடூத் உள்ள செட்டில் வயரே இல்லை, வளையமும் இல்லை. ஆனால் லைட்டர் துளையில் செருகி ஆக்ஸில் கொடுக்கும் புளூடூத் குச்சி பழைய வளையத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் போகாமல், விசில் மாறி உறுமலாகக் கேட்டால் செட்டை விட்டுவிடுங்கள். ஆறு டயோடுகளில் ஒன்று செயலிழந்தால் ஒவ்வொரு துருவ ஜோடிக்கும் ஆறு சிறு மேட்டுக்குப் பதில் ஒரு பெரிய பள்ளம் விழும். அப்போது நின்ற இடத்தில் எழுவது 1080 அதிர்வு அல்ல, அதில் ஆறில் ஒரு பங்கான 180தான் பலமாகக் கேட்கும். பேட்டரியும் முழுதாகச் சார்ஜ் ஆகாது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றுபோவதற்கு முன்பே டைனமோவைக் கழற்றி டயோடு தட்டைச் சோதிக்கச் சொல்லிவிட வேண்டும்.